மைனஸ் 18இல் போய்ச் சேர்ந்த கணவாய்க்கு விலை குறைந்தது ஏன்?

ஆகஸ்ட் முதல் வாரக் கடைசியில் நாகர்கோவில் பக்கத்துப் பதப்படுத்தும் ஆலை ஒன்றிலிருந்து நாற்பதடி ரீஃபர், அதாவது குளிரூட்டும் கண்டெய்னர் கிளம்புகிறது. உள்ளே 1,100 அட்டைப்பெட்டி உறைந்த ஓட்டுக்கணவாய் மீன். பெட்டிக்கு 2 கிலோ உறைகட்டி பத்து, ஆக நிகர எடை 22,000 கிலோ. தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஸ்பெயின் போய்ச் சேர 40 நாள். கதவைத் திறக்கும்போது கண்டெய்னரின் திரையில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். கட்டியைத் துளைத்து அளந்தாலும் எல்லாம் மைனஸ் 18, மைனஸ் 19. அப்படியிருந்தும் வாங்கியவர் 450 பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு, அவற்றுக்கு விலையைக் குறைக்கச் சொல்கிறார். அவர் சொன்னது சரிதான்.

இது எந்த ஒரு நிறுவனத்தின் சரக்கும் அல்ல. குமரி மாவட்டத்திலிருந்து இந்த வழியில் போகும் உறைகணவாயில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை ஒரே கண்டெய்னருக்குள் வைத்துப் பார்க்கும் மாதிரி நிகழ்வு. பெட்டி எண்ணிக்கை, நேரம், அளந்த வெப்பநிலை ஆகியவை மாதிரிக்காக அமைத்தவை. விதிகளும் இயந்திரம் நடந்துகொள்ளும் விதமும் உள்ளபடியே சொல்லப்பட்டவை.

முதலில் பழி விழுந்த இடம்

ரீஃபரின் பதிவுக்கருவி மணிக்கொரு முறை காற்றின் வெப்பநிலையை எழுதிவைக்கும். சரக்கின் மேல் புகார் வந்ததும் எல்லோரும் அந்தப் பதிவைத்தான் முதலில் இறக்கிப் பார்ப்பார்கள். இந்தப் பதிவில் கண்ணில் குத்துவது போல ஓர் ஓட்டை இருந்தது. நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி, காவல்கிணறு, திருநெல்வேலி வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அந்த வழியில் 4 மணி நேரம் இயந்திரத்துக்கு மின்சாரமே இல்லை. சாலையில் மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டரான ஜென்செட்டில் டீசல் தீர்ந்து நின்றிருக்கிறது. லாரிக்காரர் பேரில் பழி போட்டுக் கணக்கை முடித்துவிடலாம் என்று தோன்றும்.

அந்த 4 மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் உள்ளே போயிருக்கும் என்று போட்டுப் பார்ப்போம். நாற்பதடி ரீஃபரின் சுவர், கூரை, தரை, கதவு எல்லாம் சேர்ந்து, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 40 முதல் 45 வாட் கசிய விடும். வெளியே 34, உள்ளே மைனஸ் 18 என்றால் வித்தியாசம் 52. கசிவு சுமார் 2.2 கிலோவாட். 4 மணி நேரத்துக்கு 9 கிலோவாட்-மணி, அதாவது 32 மெகாஜூல். அதை 22,000 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோஜூல்கூட வராது. மொத்தச் சரக்கும் அரை டிகிரி சூடாகப் போதுமான வெப்பம் அவ்வளவுதான். அது முழுவதையும் வெளிவரிசைப் பெட்டிகளே வாங்கிக்கொண்டன என்று வைத்தாலும், சரக்கில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டரை, மூன்று டிகிரி ஏறியிருக்கும். உறைந்த மீனை எல்லாப் பாகத்திலும் மைனஸ் 18 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய விதி 853/2004, போக்குவரத்தில் குறுகிய நேரத்துக்கு 3 டிகிரி வரை ஏற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது.

டீசல் தீர்ந்தது தப்புதான். ஜென்செட் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். ஆலையில் கிளம்பி, துறைமுக வாசலில் வரிசையில் நின்று, பிளக் குத்தும்வரை 12 மணி நேரம் என்று கணக்கு வைத்து 40 லிட்டராவது இருக்கிறதா என்று பார்த்துத்தான் வண்டியை விட வேண்டும். ஆனால் 450 பெட்டி கெட்டதற்கு இது காரணமில்லை. பதிவில் பளிச்சென்று தெரிவதாலேயே இதன்மேல் பழி விழுந்துவிடுகிறது. உண்மையான காரணமும் அதே பதிவில்தான் இருக்கிறது. அதற்கு முதல் ஐந்து நாளை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

முதல் ஐந்து நாள்

ரீஃபரின் காற்றோட்டம் எப்படி என்று தெரிந்தால்தான் பதிவு புரியும். இயந்திரம் முன்பக்கச் சுவரில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கீழே இறங்கி, டி எழுத்து வடிவ அலுமினியக் கம்பிகள் பதித்த தரையின் பள்ளங்கள் வழியாகக் கதவு வரை ஓடி, சரக்கைச் சுற்றி மேலேறி, கூரையடியில் முன்பக்கம் திரும்பி வருகிறது. போகும் காற்றுக்கு ஓர் உணரி, திரும்பும் காற்றுக்கு ஓர் உணரி. பழம், காய்கறி போன்ற குளிர்சரக்கில் இயந்திரம் போகும் காற்றைப் பார்த்து இயங்கும். செட்பாயிண்ட், அதாவது இயந்திரத்தில் குறித்துவைக்கும் வெப்பநிலை, மைனஸ் 10க்குக் கீழே இருந்தால் திரும்பும் காற்றைப் பார்த்து இயங்கும். ஆகவே உறைசரக்கில் சரக்கின் நிலையைச் சொல்வது திரும்பும் காற்று.

மைனஸ் 20இல் உறைந்த சரக்கை ஒழுங்காக ஏற்றியிருந்தால், கதவைச் சாத்தி இயந்திரத்தைப் போட்ட சில மணி நேரத்திலேயே, மிஞ்சினால் ஒரு நாளுக்குள், திரும்பும் காற்று செட்பாயிண்டைத் தொட்டுவிடும். குளிர வேண்டியது உள்ளிருக்கும் காற்றும் சுவரும்தான். இந்தக் கண்டெய்னரில் போகும் காற்று மைனஸ் 23. திரும்பும் காற்றோ முதல் நாள் மைனஸ் 12, இரண்டாம் நாள் மைனஸ் 15. அப்புறம் மைனஸ் 16லேயே இழுத்துக்கொண்டு கிடந்து ஐந்தாம் நாள்தான் மைனஸ் 18ஐத் தொட்டது. இயந்திரம் ஓயாமல் ஓடியிருக்கிறது. சரக்குக்குள்ளிருந்து வெப்பம் வெளிவந்துகொண்டே இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. நடுநடுவே போகும் காற்று திடீரென்று ஏறி இறங்கும் முட்கள் சில இருந்தன. அவை டிஃப்ராஸ்ட். அந்நேரம் விசிறி நின்று, ஆவியாக்கிச் சுருளில் படிந்த பனியை ஹீட்டர் உருக்கும். உணரி தன்னைச் சுற்றியுள்ள சூட்டைத்தான் அப்போது காட்டுகிறது, சரக்கை அது தொடுவதில்லை.

வாங்கியவர் கேட்டுக்கொண்டபடி பெட்டிகளுக்குள் வெப்பநிலையைப் பதியும் சிறு கருவிகளான லாகர்கள் மூன்று போட்டிருந்தார்கள். நடுவிலும் கதவோரமும் இருந்த இரண்டும் மைனஸ் 19இல் தொடங்கின. இயந்திரப் பக்கம் நடுவரிசையில் இருந்தது மைனஸ் 11இல் தொடங்கி, ஆறாம் நாள் மைனஸ் 15, பதினைந்தாம் நாள்தான் மைனஸ் 18. லாகர் இல்லாதிருந்தால் இந்தப் பதினைந்து நாள் யாருக்கும் தெரிந்திருக்காது. நாற்பதாம் நாள் கதவைத் திறக்கும்போது சரக்கு முழுவதும் ஒரே அளவுக்குக் குளிர்ந்து, சாட்சி அழிந்துபோயிருக்கும்.

பயணம் குறுகியதாக இருந்தால் லாகர் இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம். வளைகுடாவுக்கு எட்டு, பத்து நாளில் போய்ச் சேரும் கண்டெய்னரில் ஓரப் பெட்டியையும் நடுப் பெட்டியையும் துளைத்து அளந்தால் போதும். ஓரம் சூடு, நடு குளிர்ச்சி என்றால் வெப்பம் வெளியிலிருந்து வந்தது. இயந்திரம் நின்றிருக்கும் அல்லது கதவு ரப்பர் விட்டிருக்கும். ஓரம் குளிர்ச்சி, நடு சூடு என்றால் வெப்பத்தை ஏற்றுமதியாளரே உள்ளே ஏற்றி அனுப்பியிருக்கிறார். 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களுக்குப் பிறகு பல கப்பல்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதால், ஐரோப்பியப் பயணம் பத்துப் பதினான்கு நாள் நீண்டது. அவ்வளவு நீண்ட பயணத்தில் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

ஏழு சுற்றுகளில் மிச்சம் பிடித்த ஐந்தே கால் மணி நேரம்

மைனஸ் 11 எங்கிருந்து வந்தது? அதற்கு ஆகஸ்ட் முதல் வாரத்துக்குப் போக வேண்டும்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை நீங்கி மேற்குக் கரைப் படகுகள் கிளம்பியதும் கணவாய் ஒரே அடியாக வந்து குவியும். ஏலக்கூடத்தில் எடுத்ததை ஐஸ் போட்டு ஆலைக்குக் கொண்டுவந்து, ஓடும் குடலும் மையும் நீக்கி, கழுவி, தரம் பிரித்து, தட்டில் அடுக்கி, தட்டு உறைவிப்பானில் ஏற்ற வேண்டும். வரத்து இரண்டு மடங்கானாலும் உறைவிப்பான் இரண்டு மடங்காகாது.

இந்த ஆலையில் இரண்டு தட்டு உறைவிப்பான். ஒவ்வொன்றும் ஒரு சுற்றுக்கு 600 கிலோ. மைனஸ் 38இல் இருக்கும் உலோகத் தட்டுகளுக்கிடையே 6 சென்டிமீட்டர் தடிமனான கட்டியின் நடு மைனஸ் 18ஐத் தொட 150 நிமிடம் என்று ஆலையே அளந்து எழுதிவைத்திருந்தது. ஏற்றி இறக்க 30 நிமிடம். ஆக நாளுக்கு 8 சுற்று, 9,600 கிலோ. அன்றிரவு சரக்கு மிஞ்சிக் கிடந்தது. யாரோ 150ஐ 105 ஆக்கிவிட்டார்கள். அப்படி ஏழு சுற்று ஓடியது. சுற்றுக்கு 45 நிமிடம் வீதம் மிச்சம் பிடித்தது ஐந்தே கால் மணி நேரம். அந்த ஏழு சுற்றில் வந்தவற்றில் இந்தக் கண்டெய்னரில் ஏறியவை 400 பெட்டி.

105 நிமிடத்தில் வெளியே எடுத்த கட்டியைக் கையில் வாங்கினால் யாருக்கும் சந்தேகம் வராது. விளிம்பில் விரல் ஒட்டிப் பிடிக்கும், தட்டினால் கல்லாய் ஒலிக்கும். மேற்பரப்பு மைனஸ் 30. நடுவோ மைனஸ் 5. மீனிலுள்ள நீர் ஒரே புள்ளியில் உறைந்துவிடுவதில்லை. மைனஸ் 1க்குச் சற்றுக் கீழே உறையத் தொடங்கி, மைனஸ் 5இல் பெரும்பகுதி உறைந்தாலும் மீதி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறையும். அதனால்தான் உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் விதிமுறை, வெப்பநிலை கட்டி முழுவதும் சமநிலைக்கு வந்தபின் அதன் வெப்ப மையம் மைனஸ் 18ஐத் தொடும்வரை உறைவித்தல் முடிந்ததாகக் கொள்ளக் கூடாது என்கிறது. இந்தக் கட்டிகளில் மேற்பரப்பும் நடுவும் சமமாகி, கட்டும் அறையில் வாங்கிய சூடும் சேர்ந்து, மைனஸ் 11இல் வந்து நின்றது.

குளிர்கிடங்கு மைனஸ் 20. அங்கே 28 மணி நேரம் இருந்ததே, குளிர்ந்திருக்காதா என்று கேட்பார்கள். குளிராது. அட்டையும் பாலித்தீனும் சுற்றி, பத்துப் பெட்டி உயரத்துக்கு இடைவெளியில்லாமல் அடுக்கிய பின் குளிர்காற்று வெளிப்பக்கத்தை மட்டும்தான் தொடும். கிடங்கும் ரீஃபரும் இருக்கிற குளிரைக் காக்க வடிவமைத்தவை. குறையும் குளிரை நிரப்ப உறைவிப்பானால்தான் முடியும்.

இந்த இடத்தில் இன்னொரு கணக்கு. கொழுப்பில்லாத மீனை மைனஸ் 11இலிருந்து மைனஸ் 18க்கு இறக்கக் கிலோவுக்கு ஏறத்தாழ 23 கிலோஜூல் எடுக்க வேண்டும். 8,000 கிலோவுக்கு 184 மெகாஜூல், சுமார் 51 கிலோவாட்-மணி. ரீஃபர் இயந்திரம் மைனஸ் 18இல் 5 முதல் 7 கிலோவாட் வரை வெப்பத்தை இழுக்கும். சுவர்க் கசிவுக்குப் போக மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் ஒரு நாளிலேயே முடிந்துவிடும் வேலை. ஆனால் நடுப்பெட்டியின் வெப்பம் பெட்டி பெட்டியாக, அட்டை அட்டையாகக் கடந்து ஓரத்துக்கு வந்தால்தானே இயந்திரத்தின் கைக்குக் கிடைக்கும். அதற்குத்தான் பதினைந்து நாள். செட்பாயிண்டை மைனஸ் 25 ஆக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஓரப்பெட்டிதான் இன்னும் குளிரும், நடுவில் பெரிய மாற்றம் வராது.

வாங்கியவர் கண்டது இதுதான். ஒரு கட்டியை ரம்பத்தில் குறுக்கே அறுத்தபோது ஓரம் நெருக்கமான வெண்மையாகவும், நடுவில் ஊசி ஊசியாகப் பனிப்படிகம் பரவியும் இருந்தது. மெதுவாக உறைந்த நீர் பெரிய படிகமாகி, தசையின் இழைகளைக் கிழித்துவிடுகிறது. உருக்கினால் அந்தக் கிழிசல் வழியே நீர் வடியும், சதை தளர்ந்துபோகும், எடை குறையும். பிறகு மைனஸ் 18க்குப் போனாலும், மைனஸ் 30க்கே போனாலும் கிழிந்தது கிழிந்ததுதான். அளந்த டிகிரி சரியாக இருந்தும் சரக்கு தரம் தாழ்ந்திருந்ததன் முழு விளக்கமும் இந்த அறுத்த முகத்தில் இருக்கிறது.

ஆலையின் தரப்பரிசோதகர் ஏற்றும் முன் ஆறு பெட்டியைச் சோதித்து மைனஸ் 18 என்று எழுதியிருந்தார். ஆறும் நடைபாதையோரப் பழைய அடுக்கிலிருந்து எடுத்தவை. வெப்பமானியை இரண்டு பெட்டிக்கு நடுவே செருகி எடுத்த அளவு. அது கிடங்குக் காற்றின் வெப்பநிலை. புதிய 400 பெட்டி கிடங்குக் கதவருகே கிடந்ததால், சுமட்டுத் தொழிலாளர் அவற்றைத்தான் முதலில் தூக்கினார்கள். ஆகவே அவை கண்டெய்னரின் இயந்திரப் பக்கம் போயின.

மீதி ஐம்பது பெட்டி

கதவோரத்துப் பெட்டிகளில் ஐம்பது வேறு விதமாகக் கெட்டிருந்தன. அட்டை ஊறி நசுங்கி, உள்ளே கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தரையில் பனிக்கட்டி. இதற்குக் காரணம் மூன்று. ஒன்றை ஒன்று வளர்த்துவிட்டவை.

முதலாவது, ஆலையில் கண்டெய்னரின் வாயோடு பொருந்தும் ரப்பர்க் கூண்டு கிடையாது. வண்டி வெட்டவெளியில் நிற்கும், பின்கதவு இரண்டும் திறந்திருக்கும். அன்று ஏற்ற 3 மணி 10 நிமிடம் ஆனது. இரண்டாவது, கண்டெய்னரை முன்கூட்டியே மைனஸ் 18க்குக் குளிர்வித்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள், ஏற்றும்போதும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நல்லதுக்கென்று நினைத்துச் செய்ததுதான் வினையானது. நம் கரையோர ஆகஸ்ட் காற்று 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால், ஒரு கனமீட்டரில் சுமார் 24 கிராம் நீராவி. காலியான நாற்பதடிக் கண்டெய்னரின் உள் கொள்ளளவு ஏறத்தாழ 67 கனமீட்டர். உள்காற்று ஒருமுறை மாறினாலே ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீர் உள்ளே வருகிறது. விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அது எத்தனை முறை மாறும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த சுவரிலும் தரையிலும் வேர்த்து, சுருளில் பனியாய்ப் படிந்து, காற்றோட்டத்தையே அடைத்துவிடும். ஏற்றும் இடம் குளிரூட்டப்பட்டு, கண்டெய்னர் வாயோடு காற்றுப் புகாமல் பொருந்தியிருந்தால் மட்டுமே முன்குளிர்விப்பு. வெட்டவெளியில் ஏற்றினால் முன்குளிர்விக்கவே கூடாது. கதவு திறந்திருக்கும்வரை இயந்திரம் நின்றிருக்க வேண்டும்.

மூன்றாவது, அடுக்கிய முறை. உறைசரக்குக்குக் காற்று சரக்கினூடே போக வேண்டியதில்லை, சுற்றிப் போனால் போதும். ஆகவே பெட்டிகளை இடைவெளியில்லாமல் நெருக்கி ஒரே கட்டாக அடுக்க வேண்டும், தரை முழுவதும் மூடியிருக்க வேண்டும், உயரம் உட்சுவரில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. இங்கே பெட்டி 50க்கு 37, உயரம் 16 சென்டிமீட்டர். குறுக்கே ஆறு, உயரத்தில் ஒன்பது அடுக்கு என்று வைத்ததால் 10.5 மீட்டரில் சரக்கு முடிந்துவிட்டது. உள் நீளமோ 11.58 மீட்டர். கதவோரம் ஒரு மீட்டருக்கு மேல் தரை வெறுமையாகக் கிடந்தது. காற்று எளிய வழியைத்தான் தேடும். முன்னாலிருந்து தரைக்கடியில் வந்த குளிர்காற்றில் பெரும்பங்கு அந்த வெறுந்தரையில் பொங்கி மேலேறித் திரும்பிவிட்டது. ஏற்றும்போது நனைந்த கதவோரப் பெட்டிகளின் ஈரமும் அந்த இடத்திலேயே பனியாகி இறுகியது.

திருத்தம் எளிது. முதல் நான்கு வரிசை ஒன்பது அடுக்கு, அப்புறம் எட்டு என்று வைத்தால் இதே 1,100 பெட்டி 11.5 மீட்டர் வரை வரும். மிஞ்சும் தரையைத் தடித்த அட்டையாலோ பாலித்தீனாலோ மூடிவிட வேண்டும். உறைகணவாயில் எடைதான் முதலில் எட்டும், இடம் எப்போதும் மிச்சமிருக்கும். ஆகவே ஏற்றுவதற்கு முந்தின நாளே பெட்டியின் அளவை வைத்து எத்தனை அடுக்கு என்று தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

காகிதங்களும் பணமும்

காகிதத்தில் இந்தச் சரக்கு தடுமாறவில்லை. ஏற்றுமதி ஆய்வு முகமையின் சுகாதாரச் சான்றிதழ், கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான எம்பெடா ஒப்பளித்த மீன்பிடிச் சான்றிதழ், சரிபார்த்த மொத்த எடை எல்லாம் இருந்தன. கணவாயில் ஐரோப்பா பார்க்கும் காட்மியம், குடல் நீக்கிய சதையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரம்புக்குள் இருந்தது. குடலில்தான் அது சேரும் என்பதால், சுத்தம் செய்யும் மேசையில் குடல்பை உடைந்து சதையில் பரவாமல் பார்த்துக்கொள்வதே பாதி வெற்றி. மீன்பிடிச் சான்றிதழில் நம் மாவட்டத்தார் கவனிக்க ஒன்று உண்டு. பிடித்த தேதி படகின் கரைக்குரிய தடைக்காலத்துக்குள் விழுந்துவிடக் கூடாது. ஜூலையில் பிடித்த சின்னமுட்டத்து விசைப்படகின் கணவாய் முறையானது. அதே தேதியில் குளச்சல் விசைப்படகின் பெயர் இருந்தால் கேள்வி வரும். இரண்டு துறையின் சரக்கையும் கலந்து கட்டும்போது இந்தக் குழப்பம் எளிதில் வந்துவிடும்.

இழப்பீடு எங்கும் கிடைக்கவில்லை. உறைஉணவுக்கான வழக்கமான கடல்சார் காப்பீட்டு விதி, குளிர்பதன இயந்திரம் பழுதாகி வெப்பநிலை மாறியதால் வந்த சேதத்துக்கு, அது தொடர்ந்து 24 மணி நேரமாவது நின்றிருந்தால்தான் பொறுப்பேற்கும். 4 மணி நேரம் கணக்கில் வராது. கப்பல் நிறுவனத்தின் பதிவில் இயந்திரம் கடல் பயணம் முழுவதும் ஓடியிருக்கிறது. ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் ஏற்றுமதியாளரே என்று சரக்குச்சீட்டிலும் எழுதியிருக்கிறது. கப்பல் நிறுவனத்தின்மேல் கோர வழியிருந்தால்கூட, வெளியே தெரியாத சேதத்துக்கு 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்பு, ஓராண்டுக்குள் வழக்கு என்ற காலக்கெடு உண்டு. 450 பெட்டியின் விலைக்குறைப்பை ஆலையே தாங்கிக்கொண்டது.

மாற்ற வேண்டியவை

உறைவிப்பானிலிருந்தே தொடங்க வேண்டும். வரத்து மிஞ்சினால் சுற்றைக் குறைக்காமல், கிலோவுக்குக் கிலோ ஐஸ் போட்டுக் கணவாயைக் காக்க வைக்க வேண்டும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் அடுத்த சுற்று வரை அது தாங்கும். அவசரமாக அரைகுறையாய் உறைந்த கட்டியைத் திருத்த வழியே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் நடுத்தட்டில் ஒரு கட்டியும் ஓரத்தட்டில் ஒரு கட்டியும் துளைத்து, மையம் மைனஸ் 18 எழுதப்பட்ட பின்னரே சுற்றை இறக்கலாம். சுற்று எண்ணை அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும். அது இருந்திருந்தால் இந்த 400 பெட்டியை அங்கேயே பிரித்துவைத்திருக்கலாம்.

அளக்கும் முறைக்கும் ஒழுங்கு வேண்டும். வெப்பமானியை முதலில் நொறுக்கிய ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த குவளையில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். துளைக்கும் ஊசியையும் வெப்பமானி முனையையும் கிடங்கிலேயே குளிரவைக்க வேண்டும். இல்லையென்றால் துளைக்கும் சூடே அளவை ஏற்றிவிடும். குறைந்தது 2.5 சென்டிமீட்டர் ஆழம், இந்தக் கட்டிக்கு 3 சென்டிமீட்டர் என்றால் சரியாக நடு. எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து எழுத வேண்டும். ஒவ்வொரு உற்பத்தித் தேதியிலிருந்தும் அடுக்கின் உள்பக்கப் பெட்டி கட்டாயம். ஒன்று மைனஸ் 18க்கு மேலே வந்தாலும் அந்தத் தேதிச் சரக்கு முழுவதும் நிற்க வேண்டும்.

கண்டெய்னர் வந்ததும் பயணத்துக்கு முந்தைய ஆய்வுச் சீட்டின் நாளைப் பார்க்க வேண்டும். கதவு ரப்பரில் கிழிசல், தரைப் பள்ளத்தில் குப்பை, முந்தைய சரக்கின் வாடை இவையெல்லாம் இருந்தால் திருப்பி அனுப்பத் தயங்கக் கூடாது. காற்றுத்துளை மூடியிருக்க வேண்டும், ஈரப்பதக் கட்டுப்பாடு அணைந்திருக்க வேண்டும். செட்பாயிண்டைக் கண்டெய்னர் முன்பதிவுக் கடிதத்திலும் திரையிலும் சரக்குச்சீட்டிலும் ஒத்துப் பார்க்க வேண்டும். கடிதத்தில் மைனஸ் குறி விடுபட்டு வெறும் 18 என்று போனால், குளிர்சரக்கு இயல்பில் 18 டிகிரி சூட்டில் கண்டெய்னர் ஓடும். “மைனஸ் 18 டிகிரி செல்சியஸ்” என்று எழுத்திலும் எழுதிவிடுவது நல்லது.

ரப்பர்க் கூண்டு கட்டப் பணம் இல்லாத ஆலைக்கு விடியற்காலைதான் கூண்டு. உருளைப் பாதை போட்டு எட்டுப் பேர் நின்றால் 1,100 பெட்டியை ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். கிடங்கிலிருந்து ஒரு தடவைக்கு 60 பெட்டிக்கு மேல் வெளியே எடுக்கக் கூடாது. டீக்குப் போனால் கண்டெய்னர் கதவையும் கிடங்குக் கதவையும் சாத்திவிட்டுப் போக வேண்டும். கண்டெய்னர் வாயில் பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிட வேண்டும். சாரல் அடிக்கிறதென்றால் ஏற்றுவதைத் தள்ளிப்போட வேண்டும்.

லாகர் மூன்றுக்குப் பதில் ஐந்து வைக்கலாம். இயந்திரப் பக்கம் நடுவில் ஒன்று, சரக்கின் சரி மையத்தில் ஒன்று, கதவோரம் மேலடுக்கில் ஒன்று. மீதி இரண்டும் கடைசியாக உறைந்த தேதியின் பெட்டிகளுக்குள் போக வேண்டும். எந்தப் பெட்டியில் எந்த எண் லாகர் என்பதைக் கட்டும் பட்டியலிலேயே குறித்து வாங்குபவருக்கு அனுப்ப வேண்டும். முத்திரை போட்டு இயந்திரத்தை ஓட்டியபின் 24ஆம் மணியில் திரும்பும் காற்று என்ன என்று தூத்துக்குடி முனையத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டும். மைனஸ் 18ஐத் தொடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் கண்டெய்னர் இன்னும் நம் கரையில்தான் இருக்கிறது. கொழும்புக் கப்பல் ஏறும் முன் திரும்ப அழைத்து, கதவைத் திறந்து, நடுப்பெட்டியைத் துளைத்துப் பார்க்க நேரம் உண்டு.